பொன்னுக்கு வீங்கியும் தடுப்பூசியும்: அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் இடைப்பட்ட ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போடும் நேரத்தைவிட அம்மாக்களுக்குப் பதில் சொல்லும் நேரம்தான் அன்றைக்கு அதிகம். 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பொன்னுக்கு வீங்கி வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தபோது, ஓய்வு பெற்ற என் வீட்டுத் திண்ணையிலும் அதே கேள்விகள் வந்தன. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். பயந்து கேட்ட ஒரு தாயையும் நான் குறை சொன்னதில்லை. பிள்ளை மேல் அக்கறை இருப்பதால்தானே கேட்கிறார்கள்.

பொன்னுக்கு வீங்கின்னா என்னக்கா? அம்மையா, வெறும் வீக்கமா?

அது ஒரு வைரஸ் காய்ச்சல். புட்டாளம்மை, தாளம்மை என்றும் சொல்வார்கள். காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் எச்சில் சுரக்கும் சுரப்பி ஒன்று இருக்கிறது. அதுதான் வீங்குகிறது. தாடையின் கோடு தெரியாமல் கன்னம் உப்பிவிடும், காது மடல் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். மென்றால் வலி, காய்ச்சல், தலைவலி, சோர்வு. பெரும்பாலும் ஒரு பக்கம் தொடங்கி, ஓரிரு நாளில் மறுபக்கமும் வீங்கும்.

தொற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வீக்கமே தெரியாது, சளி பிடித்ததுபோல வந்துவிட்டுப் போய்விடும். பல் சீழ், நெறிகட்டு போன்றவற்றாலும் கழுத்தோரம் வீங்கும். அதனால் முதல் நாளே ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, இது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எத்தனை நாள் ஒட்டும்? ஸ்கூலுக்கு எப்போ அனுப்பலாம்?

வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வரை பரவும். அந்த ஐந்து நாளும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பிள்ளை தெம்பாக இருந்தால் அனுப்பலாம். வீக்கம் முழுக்க வடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இருமல், தும்மல், எச்சில் வழியாகப் பரவுகிறது. ஒரே தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடிப்பது போதும். தொற்றிய பிறகு வெளியே தெரிய 12 முதல் 25 நாள் ஆகும், பெரும்பாலும் 16 முதல் 18 நாள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்து மூன்று வாரம் கழித்து உங்கள் பிள்ளைக்கு வந்தால் அது இந்தக் கணக்குதான்.

கழுத்துல தங்கச் சங்கிலி போட்டா இறங்கிடும்னு மாமியார் சொல்றாங்க. போடலாமா?

போடுங்கள், அதனால் கெடுதல் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு முதல் பத்து நாளில் வீக்கம் தானாக வடிந்துவிடும். சங்கிலி போட்டாலும் வடியும், போடாவிட்டாலும் வடியும். இதற்காக மாமியாரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர்கள் துணை உங்களுக்கு வேண்டும்.

சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுவதை மட்டும் தடுத்துவிடுங்கள். வீங்கி இழுத்திருக்கும் பிஞ்சுத் தோல் அதில் வெந்துபோகும். ஈரத்துணி ஒத்தடமோ இளஞ்சூட்டு ஒத்தடமோ, எது பிள்ளைக்கு இதமாக இருக்கிறதோ அதைக் கொடுங்கள்.

அம்மைன்னா மருந்து கொடுக்கக் கூடாதே? சாமி குத்தம் ஆயிடாதா?

புன்னைநல்லூர் மாரியம்மனையும் வலங்கைமான் பாடைகட்டி மாரியம்மனையும் கும்பிட்டு வளர்ந்தவள்தான் நானும். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளை உள்ளே விடாமல், பிள்ளையைத் தனியாகப் படுக்கவைக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம். தொற்று நோய்க்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறோம். ஆனால் காய்ச்சலில் துடிக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் இருப்பதை எந்தத் தாயும் கேட்கமாட்டாள், அந்தத் தாயும் கேட்கமாட்டாள்.

இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. கஞ்சி, குழைந்த சாதம், இட்லி, இளநீர் என்று மெல்லத் தேவையில்லாததாகக் கொடுங்கள். புளிக்குழம்பு, எலுமிச்சை, ஊறுகாய் வேண்டாம். புளிப்பு பட்டதும் எச்சில் சுரந்து சுரப்பி சுண்டி வலிக்கும்.

கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி, வலிப்பு, மயக்கம், மேல்வயிற்று வலி, காது கேட்காமல் போவது, விதை வீக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லா ஊசியும் போட்டாச்சே, அப்புறம் எப்படி வந்துச்சு?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். அட்டையை எடுத்துப் பாருங்கள். அரசு சுகாதார நிலையத்தில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று போடும் ஊசி எம்ஆர். அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். தனியார் மருத்துவமனைகளில் போடுவது எம்எம்ஆர். நடுவில் கூடுதலாக இருக்கும் அந்த ஒரு 'எம்'தான் பொன்னுக்கு வீங்கி. அட்டையில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரம்பியிருந்தாலும், அதில் எம்ஆர் மட்டும் இருந்தால், உங்கள் பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசி போடவே இல்லை என்று பொருள். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அரசு அட்டவணையில் அது இல்லை, அவ்வளவுதான்.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு முகாம் போட்டு ஊசி போட்டோமே, அதுவும் எம்ஆர்தான். வாட்ஸ்ஆப்பில் பரவிய வதந்தியைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு, நம்பி வரிசையில் நிறுத்தியவர்களும் உண்டு. நம்பி நின்றவர்கள் பலர், அம்மை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டாகிவிட்டது என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை அன்றைக்கே நாங்கள் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்போ கவர்மெண்ட்டே போடலைன்னா அது முக்கியமில்லாத ஊசிதானே?

இல்லை. தட்டம்மை குழந்தைகளைக் கொல்லும் நோய். ரூபெல்லா கர்ப்பிணியைத் தொற்றினால் பிறக்கும் குழந்தைக்குக் கண், காது, இதயம் பாதிக்கும். அரசு முதலில் அவற்றை ஒழிக்கப் பார்க்கிறது. பொன்னுக்கு வீங்கியால் உயிர் போவது மிக அரிது, அதனால் அது பின்னால் நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் கொஞ்சம் பேருக்கு மட்டும் போட்டால் நோய் நிற்காது, வரும் வயது மட்டும் தள்ளிப்போகும். வயது கூடக்கூட இந்த நோய் கடுமையாகும். அதனால், தட்டம்மை ஊசியை நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் போட்டு, அந்தத் திட்டம் ஊன்றி நிற்கும் இடங்களில் இதைச் சேர்க்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. நம் தமிழ்நாடு அந்த நிலையில் இருக்கிறது. இதை இலவச அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்பதே என் ஆசை. நடவுக்குப் போய்ப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் காசு கொடுத்து வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கும் அட்டையில் வித்தியாசம் இருக்கக் கூடாது.

சரி, இப்போ எத்தனை போடணும், எப்போ?

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் கணக்கு: எம்எம்ஆர் 9 மாதத்தில், 15 மாதத்தில், பிறகு 4 முதல் 6 வயதுக்குள். எம்ஆர் இரண்டும் அரசில் போட்டுவிட்டு, இப்போது எம்எம்ஆர் போட நினைத்தாலும் போடலாம். கடைசி எம்ஆர் போட்டு நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தட்டம்மை, ரூபெல்லா பங்கு கூடுதலாக உள்ளே போவதால் கெடுதல் இல்லை. வளர்ந்த பிள்ளை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

கையில் காசு குறைவாக இருந்து, வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால், பத்து வயதைத் தொடப்போகும் பையனை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள் என்பேன். ஏன் என்று அடுத்தடுத்த கேள்விகளில் தெரியும்.

சின்ன வயசிலேயே வந்துட்டுப் போனா நல்லதுதானே? எங்களுக்கெல்லாம் வந்துச்சு, நல்லாத்தானே இருக்கோம்?

பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு லேசாக வரும் என்பது உண்மை. ஒருமுறை வந்தால் மறுபடி வருவது அரிது என்பதும் உண்மை. ஆனால் எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

என் தம்பிக்கு ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. பத்து நாளில் வடிந்தது, பள்ளிக்கூடம் போனான். இரண்டு வருடம் கழித்துத்தான் அவனுக்கு இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. ஒரு காது கேட்டால் பிள்ளை சமாளித்துவிடும், சொல்லத் தெரியாது. கூப்பிட்டும் திரும்பவில்லை என்று அவன் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறான். அம்மா அதை நினைத்து அழாத நாள் இல்லை. இப்படி நடப்பது அரிதுதான். ஆனால் போன காது திரும்ப வராது. மூளையைச் சுற்றிய சவ்வில் அழற்சி வருவது இதைவிட அதிகம். அதில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள் என்றாலும் மருத்துவமனையில் படுக்க வேண்டிவரும்.

நோய் லேசாக வருமா, கடுமையாக வருமா என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஊசி போடுவதை நாம் தேர்ந்தெடுக்கலாம்.

ஆம்பளப் பிள்ளைக்கு வந்தா பின்னாடி குழந்தை பிறக்காதாமே?

இதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். பயத்தில் பாதி உண்மை இருக்கிறது, பாதி இல்லை. பருவம் எட்டாத பையன்களுக்கு விதை வீங்குவது அரிது. பருவம் எட்டிய பிறகு, ஊசி போடாதவர்களுக்கு வந்தால், நூற்றில் 15 முதல் 30 பேருக்கு விதை வீங்கலாம். கன்னம் வீங்கி நான்கு முதல் எட்டு நாளில் இது வரும், பெரும்பாலும் ஒரு பக்கம்தான். சிலருக்கு அந்த விதை பின்னால் கொஞ்சம் சுருங்கும். ஆனால் முழுக்கக் குழந்தைப்பேறு இல்லாமல் போவது அரிது. பத்து வயதில் கன்னம் வீங்கியதை நினைத்து இருபத்தைந்து வயதில் கல்யாணத்துக்குப் பயப்பட வேண்டாம்.

இதில் எனக்கு வருத்தம் தருவது வெட்கம்தான். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மூன்று நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படுத்திருந்தான். அவன் அம்மாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கன்னம் வீங்கினால் அப்பாவோ தாய்மாமனோ அந்த வயதுப் பையனிடம், "கீழே வலிச்சா உடனே சொல்லுடா, இது காய்ச்சல்ல வர்றதுதான்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். திடீரென்று விதை வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். அதைச் சில மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் விதையைக் காப்பாற்ற முடியாது. பொன்னுக்கு வீங்கிதான் என்று நீங்களாக முடிவு செய்யாமல் அப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.

பெண் பிள்ளைகளுக்குச் சினைப்பையில் அழற்சி வந்து அடிவயிறு வலிக்கலாம். அதனால் குழந்தைப்பேறு கெடுவது மிக மிக அரிது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்துடுச்சு. இன்னைக்கே ஊசி போட்டா தடுக்குமா?

ஏற்கெனவே தொற்றியிருந்தால் தடுக்காது. தட்டம்மைக்கு மூன்று நாளுக்குள் போட்டால் பலன் உண்டு, பொன்னுக்கு வீங்கிக்கு அப்படி இல்லை. ஆனாலும் போடலாம். இந்த முறை தொற்றாமல் இருந்தால் அடுத்த முறைக்குக் காப்பு. ஊசி போட்ட பிறகு நோய் வந்தால் ஊசிதான் கொண்டுவந்தது என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன 12 முதல் 25 நாள் கணக்கை வைத்துப் பாருங்கள், ஊசிக்கு முன்பே தொற்றியிருப்பது தெரியும்.

இந்த ஊசியால பிள்ளைக்கு ஆட்டிசம் வருதாமே, யூடியூப்ல பார்த்தேன்?

1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து மருத்துவர் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது இது. அதில் தவறு செய்தது வெளிவந்து, அதை வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010-இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயரை நீக்கினார்கள். பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரத்தைப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. பாதரசம் இருக்கிறது என்பதும் இந்த ஊசிக்குப் பொருந்தாது, எம்எம்ஆரில் அது கிடையாது.

பிள்ளை பேசவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை என்று பெற்றோர் கவனிக்கத் தொடங்குவது ஒன்றரை வயது வாக்கில். ஊசி போடுவதும் அதே வயதில். அதனால்தான் ஒன்றால் மற்றொன்று வந்ததுபோலத் தெரிகிறது. உங்கள் பிள்ளையிடம் அப்படி ஏதாவது தெரிந்தால், ஊசியை நொந்துகொண்டு நாளைக் கடத்தாமல் சீக்கிரம் பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள்.

ஜப்பான்லயே எம்எம்ஆரை நிறுத்திட்டாங்களாமே? அவங்க படிச்சவங்கதானே?

நிறுத்தியது உண்மை, 1993-இல். அங்கே அப்போது பயன்படுத்திய ஊசியில் உராபே என்ற வைரஸ் வகை இருந்தது. அதனால் சில பிள்ளைகளுக்கு மூளைச் சவ்வு அழற்சி வந்தது. அந்த வகையை இங்கிலாந்திலும் 1992-இல் கைவிட்டார்கள். இந்தியாவில் தயாராகும் எம்எம்ஆரில் இருப்பது வேறு வகை, எல்-ஜாக்ரெப் என்று பெயர். அதிலும் அரிதாக லேசான சவ்வு அழற்சி வருவதுண்டு, அது பின்விளைவு இல்லாமல் தேறிவிடும். நோயால் வரும் அழற்சி அதைவிடப் பலமடங்கு அதிகம்.

நிறுத்திய பிறகு ஜப்பானில் பொன்னுக்கு வீங்கி சில ஆண்டுக்கு ஒருமுறை அலையாக வந்துகொண்டே இருக்கிறது. 2015, 2016 ஆகிய இரண்டே ஆண்டில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அதனால் காது கேட்காமல் போனதாக அங்குள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தம்பி ஞாபகம்தான் வந்தது.

ஊசி போட்டா என்னென்ன ஆகும்? ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லாதீங்க.

சொல்லமாட்டேன். போட்ட இடத்தில் வலி. ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல், சிலருக்கு மேலெல்லாம் லேசான தடிப்பு. நூற்றில் ஒரு பிள்ளைக்குக் கன்னம் கொஞ்சம் வீங்கித் தானாக வடியும். சில ஆயிரத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வரலாம். பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்ற அளவில் கடும் ஒவ்வாமை வரும். அது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அதற்காகத்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம். பஸ் போய்விடும் என்று எழுந்து போகாதீர்கள்.

2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தச் செய்தியைக் கேட்ட தாய்மார்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகுதான் ஊருக்குள் வந்து போடுவதை நிறுத்தி, சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லிப் போடும் முறை தமிழ்நாட்டில் வந்தது. ஊசி போடுகிறவரிடம் குப்பியைக் காட்டச் சொல்லவும், எப்போது கரைத்தது என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்கு மேல் வைத்துப் போடக் கூடாது.

புயல்ல, மழையில கரண்ட் போகுதே, ஊசி கெட்டுப் போகாதா?

2018-இல் கஜா புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வந்தது. நியாயமான கேள்வி. இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சுகாதார நிலையங்களில் இருப்பது வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்லை, சுவருக்குள் பனிக்கட்டி அடுக்கு உள்ள பெட்டி. மின்சாரம் போனாலும் நீண்ட நேரம் குளிர் நிற்கும். அரசு தரும் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் இன்னும் கறுத்துவிட்டாலோ போடக் கூடாது.

பிள்ளைக்கு முட்டை ஒத்துக்காது. சளி வேற இருக்கு. போடலாமா?

இரண்டுக்கும் போடலாம். முட்டை ஒவ்வாமை இந்த ஊசிக்குத் தடையில்லை. முந்தைய எம்ஆர் அல்லது எம்எம்ஆருக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, புற்றுநோய் சிகிச்சையில் இருந்தாலோ, அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நான் முழுகாம இருக்கேன். பெரியவனுக்கு ஊசி போட்டா என் வயித்துல இருக்கறதுக்கு ஆகுமா?

ஆகாது, தாராளமாகப் போடுங்கள். அவனிடமிருந்து உங்களுக்கு எதுவும் தொற்றாது. உங்களுக்குத்தான் இப்போது போடக் கூடாது. பிள்ளை பெற்ற பிறகு, பால் கொடுக்கும்போதே போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசு கொடுத்து எம்எம்ஆர் போட்டும் வந்துடுச்சே?

அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. தட்டம்மைக்குக் கிடைக்கும் அளவு காப்பு பொன்னுக்கு வீங்கிக்குக் கிடைப்பதில்லை. ஒரு ஊசி போட்டால் நூற்றில் 72 பேருக்கு, இரண்டு போட்டால் 86 பேருக்குக் காப்பு என்பது கணக்கு. ஒரே ஊசியோடு நிறுத்தியவர்கள்தான் நம் ஊரில் அதிகம். போட்டும் வந்த பிள்ளைக்கு வீக்கமும், மேலே சொன்ன விதை வீக்கம், சவ்வு அழற்சி போன்றவையும் போடாதவர்களைவிடக் குறைவாகவே இருக்கும்.

அட்டை தொலைஞ்சு போச்சு. எது போட்டேன்னே ஞாபகம் இல்லை.

நீங்கள் முழுகாமல் இருந்தபோது அரசில் பதிந்து தந்த பிக்மி எண்ணைச் சொன்னால், துணை சுகாதார நிலையத்து செவிலியரே பதிவைப் பார்த்துச் சொல்வார். தனியாரில் போட்டிருந்தால் அந்த மருத்துவமனையில் கேளுங்கள். எங்கேயும் பதிவு கிடைக்கவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு போடலாம், இரண்டாம் முறை போவதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. புது அட்டை கையில் வந்ததும் இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் உங்கள் அம்மாவுக்கும் அனுப்பிவையுங்கள்.